சாவிக் கீறல்: தேய்ப்பதா, தொட்டுப் பூசுவதா, பேனலையே அடிப்பதா, இன்சூரன்ஸில் போடுவதா?

சிங்கப்பூரில் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் வண்டியை எடுக்கப் போகும்போது, முன் கதவில் தொடங்கிப் பின் சக்கர வளைவு வரை ஒரு கோடு ஓடியிருந்தால் முதலில் வருவது ஆத்திரம், அடுத்து வருவது அவசரம். பணம் வீணாவது இந்த அவசரத்தில்தான். கையில் கிடைத்த பாலிஷைப் போட்டு அழுத்தித் தேய்த்து, கோட்டைச் சுற்றிப் புகை படிந்ததுபோல ஆக்கிவிடுபவர்கள் உண்டு. எழுநூறு வெள்ளியில் (சிங்கப்பூர் டாலரில்) முடிகிற வேலையை இன்சூரன்ஸில் போட்டுவிட்டு, மூன்று ஆண்டுக்குக் கூடுதல் சந்தா கட்டுபவர்களும் உண்டு. அடுத்த ஆண்டே பதிவு நீக்கப்போகும் காருக்கு மூன்று பேனல் புதுப் பெயின்ட் அடித்துப் பார்ப்பது இன்னொரு வகை.

மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் வழி தானே தெரியும். கீறல் எந்த அடுக்குவரை இறங்கியிருக்கிறது? சிஓஇ, அதாவது காரை வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ், இன்னும் எத்தனை ஆண்டு இருக்கிறது? உங்கள் என்சிடி, அதாவது இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கு இன்சூரன்ஸ் சந்தாவில் கிடைக்கும் தள்ளுபடி, எவ்வளவு? வேண்டுமென்றே போட்ட கீறலுக்கு நாலாவது கேள்வி ஒன்றும் உண்டு: கீறியவர் மறுபடி வருவாரா?

கை வைக்கும் முன்

கோட்டைத் துடைப்பதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள். காரின் ஒரு பக்கம் முழுவதும் தெரிய ஒன்று, நிறுத்திய இடத்தின் எண் தெரிய ஒன்று, கீறலின் அருகே ஒரு நாணயத்தை வைத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் சில. டேஷ்கேம் நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்யும் வகை என்றால், அதன் அட்டையை உடனே கழற்றி வையுங்கள். அது பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும்.

பிறகு போலீஸ் புகார். அரசின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் மூலம் இணையத்திலேயே கொடுக்கலாம். வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்குகளிலும் பலமாடிக் கார் நிறுத்துமிடங்களிலும் இருக்கும் போலீஸ் கேமராக்களின் பதிவை நீங்கள் கேட்டு வாங்க முடியாது. அதைப் பார்ப்பது விசாரணை அதிகாரியின் வேலை. கொண்டோ (தனியார் அடுக்குமாடி) என்றால் நிர்வாக அலுவலகத்திடம் அன்றைக்கே எழுத்தில் சொல்லி, அந்த நேரத்துக் கேமராப் பதிவை அழியாமல் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

தனியார் காரைச் சாவியால் கீறுவது வழக்கமாகக் குற்றவியல் சட்டத்தின் 426ஆம் பிரிவில், சொத்துக்குச் சேதம் விளைவித்த குற்றமாக வரும். இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 1994இல் உலகமே பேசிய பிரம்படி வழக்கு கார்கள்மேல் ஸ்பிரே பெயின்ட் அடித்தது தொடர்பானது. அதற்குப் பாய்ந்தது நாசவேலைச் சட்டம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, கீறியவருக்குப் பிரம்படி கிடைக்கும் என்று காத்திருக்க வேண்டாம். உங்களுக்கு உதவக்கூடியது வேறு: ஆள் தெரிந்து குற்றம் நிரூபணமானால் இழப்பீடு கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆள் தெரிந்தும் அவர் பணம் தர மறுத்தால், 20,000 வெள்ளி வரையிலான சொத்துச் சேதத்துக்குச் சிறு கோரிக்கை மன்றம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். இரண்டுக்குமே பழுது பார்க்கும் முன் எடுத்த படமும், பட்டறை எழுதிக் கொடுத்த மதிப்பீடும் வேண்டும். அதனால் எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒரு மதிப்பீட்டுத் தாளை வாங்கி வைப்பது நல்லது.

கோடு எவ்வளவு ஆழம்

தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் முழுவதையும் சேர்த்தாலே 100 முதல் 140 மைக்ரான்தான், அதாவது ஒன்றிரண்டு தலைமுடியின் பருமன். மேலே 35 முதல் 50 மைக்ரானுக்குக் கிளியர் கோட். அதன்கீழ் நிறம் தரும் பேஸ் கோட், வெறும் 10 முதல் 20 மைக்ரான். அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில் பிரைமர், தகட்டோடு ஒட்டினாற்போல் துருவைத் தடுக்கும் இ-கோட், கடைசியில் தகடு.

கோட்டின்மேல் தண்ணீர் தடவிப் பாருங்கள். ஈரத்தில் கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் கீறல் கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது. பிறகு நகத்தைக் குறுக்கே இழுங்கள். நகம் மாட்டாமல் வழுக்கினால் தேய்த்தே எடுத்துவிடலாம். மாட்டினால் தேய்ப்பதில் பயனில்லை. கோட்டுக்குள் காரின் நிறம் போய் சாம்பல் தெரிந்தால் பிரைமர், பளபளவென்று தெரிந்தால் தகடு. பம்பரில் கறுப்பு தெரிந்தால் அது பிளாஸ்டிக். துருப்பிடிக்காது, அவசரமும் இல்லை.

சாவிக் கோட்டின் குணம் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே கோட்டில் மூன்று ஆழம் இருக்கும். கை ஊன்றித் தொடங்கிய இடத்திலும், கதவின் நடுவே ஓடும் மடிப்பின் முகட்டிலும், இரண்டு கதவுக்கும் இடையிலான விளிம்பிலும் தகடுவரை போயிருக்கும். குழிவான பகுதியில் கிளியர் கோட்டை மட்டும் தொட்டிருக்கும். எனவே ஒரு விரற்கடை நீளத்தில் சோதித்துவிட்டு முழுக் கோட்டுக்கும் முடிவு சொல்லாதீர்கள். மாஸ்கிங் டேப்பைக் கோட்டுக்கு மேலே நீளமாக ஒட்டி, அதில் பேனாவால் ஆழமான இடங்களைக் குறித்துக்கொண்டே வாருங்கள். பட்டறைக்காரரிடம் பேசும்போதும் அந்தக் குறி உதவும்.

தகடு தெரிகிற இடங்கள் காத்திருக்காது. இங்குள்ள ஈரப்பதத்தில், துத்தநாகப் பூச்சையும் தாண்டி இரும்பு தெரியும் இடத்தில் சில நாளிலேயே பழுப்புப் புள்ளி தட்டும். முடிவு எடுக்க ஒரு மாதம் ஆகும் என்றால், அதுவரை அந்த இடங்களில் மட்டும் பிரைமரோ டச்-அப் பெயின்ட்டோ ஒரு சொட்டு வைத்து மூடிவிடுங்கள். மெழுகோ, துரு நீக்கும் ஸ்பிரே எண்ணெயோ போட வேண்டாம். பின்னால் பெயின்ட் அடிக்கும்போது அந்த எண்ணெய்ப் பசை மீன் கண்போலக் குழிகளை உண்டாக்கும்.

தேய்த்து எடுப்பது

நகம் மாட்டாத கீறலுக்கு இதுவே சரியான வழி, மலிவானதும்கூட. கிளியர் கோட்டைச் சுற்றிலும் ஓரிரு மைக்ரான் சமமாகக் குறைத்தால் கோட்டின் ஓரங்கள் மழுங்கி, வெளிச்சம் சிதறாமல் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போகும். கையால் என்றால் காம்பவுண்டும் (தேய்க்கும் பசை) மைக்ரோஃபைபர் துணியும். இயந்திரம் என்றால் அதிர்ந்து சுழலும் வகைப் பஃபர். ஒரே திசையில் சுழலும் வகை பழகாத கையில் ஐந்து விநாடியில் பெயின்ட்டை எரித்துவிடும். கொஞ்சம் ஆழமான இடத்தில் 2500, பிறகு 3000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்துவிட்டுக் காம்பவுண்ட் போடுவார்கள்.

கதவு மடிப்பின் முகட்டில் மட்டும் கவனம். அங்கே பெயின்ட் இயல்பாகவே மெல்லியது. முதலில் எரிந்து போவதும் அங்கேதான். கிளியர் கோட் பத்து மைக்ரானுக்குமேல் குறைந்தால், வெயில் கடுமையான இந்த ஊரில், சில ஆண்டில் அந்த இடம் வெளுத்து உரியத் தொடங்கும். பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி இல்லாமல் ‘எல்லாக் கீறலையும் பாலிஷிலேயே எடுத்துத் தருகிறேன்’ என்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். அவர் மெழுகை நிரப்பித்தான் கொடுப்பார். நாலைந்து முறை கழுவியதும் கோடு திரும்பும்.

தொட்டுப் பூசுவது

பழைய காருக்கும், சாம்பல் தெரியும் ஒல்லிக் கோட்டுக்கும் இது போதும். எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும்: இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் தெரியாது, குனிந்து பார்த்தால் தெரியும். வெள்ளை, கறுப்பு போன்ற மின்னாத நிறங்களில் நன்றாக வரும். வெள்ளி நிறத்திலும் மெட்டாலிக் சாம்பலிலும் சுமார்தான். காரணம், ஸ்பிரேயில் அலுமினியத் துகள்கள் தட்டையாகப் படிகின்றன, தூரிகையில் தாறுமாறாக நிற்கின்றன. நிறம் சரியாக இருந்தாலும் கோடு கறுத்துத் தெரியும்.

நிறத்தின் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள், எண்ணைச் சொல்லி வாங்குங்கள். டொயோட்டாவில் ஓட்டுநர் கதவைத் திறந்ததும் தூணில் இருக்கும் தகட்டில், நிறத்துக்கும் உள்ளலங்காரத்துக்கும் சேர்த்துப் போட்ட குறியீட்டின் முதல் பகுதி. ஹோண்டாவிலும் கதவுத் தூணில்தான். வோக்ஸ்வாகனில் பெரும்பாலும் பின்பெட்டியில், மாற்றுச் சக்கரம் வைக்கும் பள்ளத்தின் அருகே ஸ்டிக்கராக இருக்கும். ஒரே ‘வெள்ளை’யில் எத்தனை வகை என்பதற்கு டொயோட்டாவே சாட்சி: 040 சாதா வெள்ளை, 070 முத்து வெள்ளை. முத்து வெள்ளை மூன்று அடுக்கு. வெள்ளை அடித்தளம், அதன்மேல் முத்துப் பூச்சு, அதன்மேல் கிளியர். ஒரே குப்பியில் இருக்கும் டச்-அப்பில் அது ஒருபோதும் சரியாக வராது. மாஸ்டாவின் 46வி சிவப்பும் அப்படித்தான். அதைத் தொட்டுப் பூசினால் காயத்தில் ரத்தம் உறைந்ததுபோல நிற்கும்.

வேலை இப்படி. கழுவிக் காயவைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கோட்டைத் துடையுங்கள். துருப் புள்ளி இருந்தால் ஊசி முனையால் சுரண்டி எடுங்கள். எழும்பி நிற்கும் ஓரங்களை மடித்த 2000 எண் உப்புத்தாளின் விளிம்பால் ஓரிரு முறை மட்டும் தட்டுங்கள். தகடு தெரியும் இடத்தில் பிரைமர். குப்பியோடு வரும் தூரிகை இந்த வேலைக்குத் தடிமன். ஓவியக் கடையில் கிடைக்கும் மிக மெல்லிய தூரிகையோ பல்குத்தியோ எடுத்து, பள்ளத்துக்குள் மட்டும் பெயின்ட்டை ஓடவிடுங்கள். ஒரே தடவையில் நிரப்பினால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் அரைமணி நேரம். காயும்போது பெயின்ட் அமுங்கும் என்பதால் கடைசிப் பூச்சும் கிளியரும் பக்கத்துப் பரப்பைவிட மயிரிழை உயரமாக நிற்கட்டும். ஒரு வாரம் விட்டு, தட்டையான சிறு ரப்பர் கட்டையில் 2500 எண் தாளைச் சுற்றி அந்த உயரத்தை மட்டும் மட்டமாக்கி, காம்பவுண்ட் போட்டு முடியுங்கள். பெரும்பாலோர் கெடுத்துக்கொள்வது இந்த ஒரு வாரத்தில்தான். மறுநாளே தேய்த்தால் பெயின்ட் பள்ளத்திலிருந்து கையோடு வந்துவிடும்.

மழைக்கு முந்தைய புழுக்கத்தில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுக்கும். பூச்சு பால்போல வெளுத்துவிடும். வெயிலில் நின்ற சூட்டோடும் வேண்டாம், குமிழி வரும். கூரையுள்ள இடம், காலை பத்து மணிக்குமேல், தகடு கைக்குச் சுடாமல் இருக்கும் நேரம் என்று பார்த்துச் செய்யுங்கள்.

ஸ்பிரே டப்பா வாங்கி நாமே அடித்தால் என்ன என்று கேட்கலாம். கார் நிறுத்துமிடத்தில் அடித்தால் தூறல் பக்கத்து இரண்டு கார்களின் மேல் படியும். ஒரு சண்டை போதாதென்று இன்னொன்று. சாதா டப்பாவின் கிளியர், பெட்ரோல் சொட்டினாலே இளகும். கடினமாக்கி கலந்த 2கே டப்பா உறுதியானது, ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது. துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. இந்த வழியை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடலாம்.

பட்டறையில் பேனல் முழுவதும் அடிப்பது

பிரைமரோ தகடோ தெரிகிற நீளக் கோட்டுக்கு, ஐந்தாறு ஆண்டு இன்னும் ஓடப்போகும் காருக்கு, இதுதான் முறையான வழி. சின் மிங், காக்கி புக்கிட், ஊபி, அங் மோ கியோ தொழிற்பேட்டை, புக்கிட் பாத்தோக் பக்கங்களில் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஒரு பேனலுக்கு ஏறத்தாழ 200 முதல் 350 வெள்ளி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். முத்து வெள்ளைக்கும் சிறப்புச் சிவப்புக்கும் கூடும். முகவரின் பட்டறையில் இரு மடங்கு கேட்டாலும் வியப்பில்லை. கோடு இரண்டு கதவும் ஒரு பின் ஃபெண்டருமாக (பின் சக்கரத்தின் மேலுள்ள தகடு) ஓடியிருந்தால் மூன்று பேனல் கணக்கு.

விலைக்குள் என்ன வேலை அடக்கம் என்பதில்தான் வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. ஒழுங்கான முறையில் முதலில் எண்ணெய்ப் பசை நீக்கித் துடைப்பார்கள். கோட்டைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலத்துக்கு 180, 240 எண் தாளால் ஓரங்களைச் சரிவாக்குவார்கள். தகட்டில் பள்ளம் விழுந்திருந்தால் மட்டும் மெல்லிய பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை). அதை உலர்வாகத் தேய்க்க வேண்டும். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் பட்டி பஞ்சுபோல ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, மாதங்கள் கழித்துக் கொப்புளமாகக் காட்டும். பிறகு 2கே பிரைமர். அது நன்றாகக் காய்ந்தபின் 500, 600 எண் தாள். பேஸ் கோட் இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் பளபளப்பு அடங்கி மந்தமான பின்பே அடுத்தது. கிளியர் இரண்டு பூச்சு. கடைசியில் தகட்டின் சூடு 60 டிகிரி வர, அரைமணி நேரம் அடுப்பில்.

இதில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பது உடனே தெரியாது. காரை எடுக்கும்போது கண்ணாடிபோல இருக்கும். ஆறு வாரம் கழித்து, சாய்வெயிலில், பழைய கோடு இருந்த அதே இடத்தில் நிழல்போல ஒரு கோடு எழும்பும். பட்டியும் பிரைமரும் முழுக்க இறுகும் முன் மேலே அடித்துவிட்டதால், அடியில் அவை சுருங்கி அமுங்கிய அடையாளம் அது. காலையில் கொடுத்துச் சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்று மூன்று பேனலுக்குச் சொல்பவரிடம் இது நடக்க வாய்ப்பு அதிகம். இரண்டு மூன்று நாள் கேட்பவரே மேல்.

மெட்டாலிக் நிறத்தில் இன்னொன்று: கீறப்பட்ட கதவை மட்டும் அதன் விளிம்புவரை அடித்து நிறுத்தினால், பக்கத்துக் கதவோடு நிறம் சற்றே முரணும். வெயிலில் ஆண்டுக்கணக்கில் நின்ற பெயின்ட்டும் நேற்றுக் கலந்த பெயின்ட்டும் ஒரே எண்ணாக இருந்தாலும் ஒன்றல்ல. கைதேர்ந்தவர் பேஸ் கோட்டைப் பக்கத்துக் கதவுக்குள் கொஞ்சம் மங்கலாக இழுத்துவிட்டு, அந்தக் கதவுக்கும் முழுக்க கிளியர் அடிப்பார். அதற்கு அரைப் பேனல் கூலி கூடக் கேட்டால் அது நியாயமான கூலி.

கதவுக் கைப்பிடியையும் கண்ணாடிக்கடியில் ஓடும் ரப்பரையும் கழற்றுவாரா, டேப் ஒட்டி அடிப்பாரா என்று கேளுங்கள். டேப் ஒட்டிய ஓரத்தில்தான் இரண்டு மூன்று ஆண்டில் கிளியர் உரியத் தொடங்கும். அதேபோல், கோடு இருக்கும் பட்டையை மட்டும் அடித்து, கிளியரின் ஓரத்தைக் கரைப்பானால் மங்கவைக்கும் ‘ஸ்பாட்’ வேலை கதவின் நடுவில் நிற்காது. அந்த ஓரம் ஓரிரு ஆண்டில் வெள்ளைக் கோடாகத் தெரியும். பம்பர் மூலையில் உள்ளங்கை அளவுக் கீறலுக்கு அது பொருந்தும். வீட்டுக்கே வந்து செய்து தருபவர்களிடம் கேட்க வேண்டியதும் அந்த வேலையை மட்டும்தான்.

பின் ஃபெண்டர் தனிக்கதை. அது கூரைத் தூணோடு ஒரே தகடு; கதவுபோல முடியும் விளிம்பு கிடையாது. கிளியரைக் கூரை வரை கொண்டுபோய் முடித்தால்தான் தடம் தெரியாது. அங்கே மதிப்பீடு சற்றுக் கூடினால் அதனால்தான்.

பக்கவாட்டில் வரும் வாகனத்தை எச்சரிக்கும் ரேடார் பல கார்களில் பின் பம்பரின் மூலைக்குள் இருக்கிறது. அந்த இடத்தில் பட்டி போட்டுத் தடிமனாக அடித்தால் அலைக்குத் தடையாகும், எச்சரிக்கை தவறும். கீறல் அங்கே ஆழமென்றால் பட்டி வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

செராமிக் பூச்சு போட்டவர்களுக்கு: அது சாவியைத் தடுக்காது, அடித்த பேனலுக்கு மறுபடி போட வேண்டும். பெயின்ட்டைக் காக்கும் தடித்த படலம் ஒட்டியிருந்தால் கொடுத்து வைத்தவர். 150 முதல் 200 மைக்ரான் தடிமன் உள்ள அந்தப் படலம் அறுந்திருந்தாலும் கீழே பெயின்ட் தப்பித்திருக்கக்கூடும். அந்தப் பேனலின் படலத்தை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது.

ஜோகூரில் அடிப்பது

விலை குறைவு, உண்மைதான். மூன்று பேனலுக்குமேல் போனால் சேமிப்பு கண்ணில் படும். ஆனால் ஒரு பேனலுக்காகப் போவது கட்டுப்படியாகாது. முக்கால் டாங்க் பெட்ரோல் இல்லாமல் எல்லையைத் தாண்டக் கூடாது. மீறினால் 500 வெள்ளி வரை அபராதம். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி 2025 ஜூலை முதல் கட்டாயமாகச் சோதிக்கப்படுகிறது. இல்லாவிட்டால் 300 ரிங்கிட். காரை விட்டுவிட்டு வந்து, மூன்று நாள் கழித்து மறுபடி போய் எடுக்க வேண்டும். ஆறு வாரம் கழித்து அந்த நிழல் கோடு எழும்பினால் உத்தரவாதத்துக்காக மீண்டும் பாலத்தில் வரிசை. நல்ல பட்டறை அங்கேயும் இருக்கிறது, மோசமான பட்டறை இங்கேயும் இருக்கிறது. ஆனால் திரும்பக் கொண்டுபோய் நிறுத்திச் சண்டை போட முடிகிற தூரத்துக்கும் ஒரு விலை உண்டு.

இன்சூரன்ஸ் கணக்கு

முழுக் காப்புறுதி இருந்தால் வேண்டுமென்றே செய்த சேதமும் பொதுவாக அதில் அடங்கும். பார்க்க வேண்டியது, கோரினால் அதற்கு என்ன விலை என்பதை. அந்த விலை இரண்டு துண்டாக வருகிறது: இப்போது நீங்கள் கட்டும் எக்ஸஸ் (பழுதுச் செலவில் உங்கள் பங்கு), பிறகு சில ஆண்டுக்குப் பிரியும் என்சிடி.

சிங்கப்பூரில் என்சிடி ஆண்டுக்குப் பத்துப் பத்தாக ஏறி, ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காட்டில் நிற்கிறது. ஒரு முறை கோரினால் 50 வைத்திருந்தவர் 20க்கு இறங்குவார், 40 வைத்திருந்தவர் 10க்கு. 30ம் அதற்குக் கீழும் வைத்திருந்தவர்களுக்குச் சுழியம்.

தள்ளுபடிக்கு முன் சந்தா 2,000 வெள்ளி, எக்ஸஸ் 600 வெள்ளி என்று வைத்துக் கணக்குப் போடுவோம். 50 விழுக்காட்டுக்காரர் ஆண்டுக்கு 1,000 கட்டிக்கொண்டிருந்தார். கோரியபின் அடுத்த ஆண்டு 1,600, அதற்கடுத்து 1,400, பிறகு 1,200, நாலாம் ஆண்டில்தான் மறுபடி 1,000. கூடுதலாகப் போனது 600, 400, 200, ஆக 1,200. எக்ஸஸையும் சேர்த்தால் 1,800 வெள்ளி. அதாவது மூன்று பேனல் வேலையை 1,000 வெள்ளிக்குக் கைக்காசில் முடித்திருந்தால் 800 வெள்ளி மிச்சம்.

அதிகம் இழப்பவர் 50காரர் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் அடி பலமாக விழுவது 30 வைத்திருப்பவருக்கு. கோராமல் இருந்தால் அவர் அடுத்த ஆண்டு 40, அதற்கடுத்து 50 என்று மேலே போயிருப்பார்; கோரினால் சுழியத்திலிருந்து ஏற வேண்டும். அதே 2,000 வெள்ளிச் சந்தாவில் ஆண்டுவாரியாக வித்தியாசம் 800, 800, 600, 400, 200, மொத்தம் 2,800. எக்ஸஸோடு 3,400. சாவிக் கோட்டுக்காக அவர் இன்சூரன்ஸைத் தொடவே கூடாது. உங்கள் சந்தா வேறாக இருந்தால் அந்த விகிதத்தில் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் யாருக்குத்தான் இது லாபம்? என்சிடி பாதுகாப்பு வாங்கி வைத்திருப்பவருக்கு, அதுவும் காரைச் சுற்றி வளைத்துக் கீறி ஆறேழு பேனல் போய்விட்டால். அவருக்கும் ஒரு எச்சரிக்கை: அந்தப் பாதுகாப்பு அதே நிறுவனத்தில் இருக்கும்வரைதான் செல்லும், வேறிடத்துக்கு மாறினால் கூட வராது. புதுப்பிக்கும்போது நிறுவனம் அடிப்படைச் சந்தாவையே உயர்த்திவிடவும் இடமுண்டு.

கோரும் எண்ணம் கொஞ்சமேனும் இருந்தால், தெரிந்த 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். எந்தப் பட்டறையிலும் செய்யலாம் என்கிற பாலிசியா, அவர்களின் பட்டறையில்தான் செய்ய வேண்டுமா என்பதையும் பார்க்காமல் காரைப் பிரித்துவிடாதீர்கள்.

எந்தக் காருக்கு எது

சிஓஇ முடிய இரண்டு ஆண்டுக்குள் இருந்து, அதன்பின் பதிவு நீக்கப்போகிறீர்கள் என்றால் தொட்டுப் பூசுவதோடு நிறுத்துங்கள். பதிவு நீக்கும்போது கிடைக்கும் பிஏஆர்எஃப் தள்ளுபடி, முதலில் கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தையும் காரின் வயதையும் வைத்துத்தான். பெயின்ட்டை யாரும் பார்ப்பதில்லை. எட்டாம் ஆண்டுக் காருக்கு 1,000 வெள்ளிப் பெயின்ட் அடிப்பது ஆசைக்குச் செய்வதே தவிர, காசாகத் திரும்பாது. சிஓஇயைப் புதுப்பித்து இன்னும் பத்து ஆண்டு ஓட்ட நினைப்பவருக்கு இது பொருந்தாது. அவர் துருவைத் தடுத்தாக வேண்டும், பேனல் அடிப்பதே சரி.

மூன்று நான்கு ஆண்டுக் காரை ஓரிரு ஆண்டில் விற்கப்போகிறவர், ஒன்றிரண்டு பேனல் என்றால் நல்ல பட்டறையில் அடித்துவிடலாம். வாங்க வருபவர் கருவி வைத்து அளந்தால் மறுபடி அடித்த பேனல் 200 மைக்ரானுக்குமேல் காட்டக்கூடும். விபத்துக் கார் என்று சந்தேகப்படுவார். அப்போது போலீஸ் புகாரின் நகலும் பழைய படங்களும் கைகொடுக்கும்.

நகம் மாட்டாத கோடு, எந்த வயதுக் காரானாலும், பாலிஷ். இதில் விவாதமே இல்லை.

கோட்டின்மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கலாமா என்றால், ஒட்டுப் படலம் 100 மைக்ரான்தான்; கீழே இருக்கும் பள்ளம் வெயிலில் அப்படியே மேலே தெரியும். பள்ளத்தை நிரப்பி மட்டமாக்கியபின் ஒட்டினால் சரி. காரின் நிறமே மாறும்படி ஒட்டினால் நிலப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவை மாற்ற வேண்டும். அதே நிறத்தில் பெயின்ட் அடிப்பதற்கு அந்தத் தேவை இல்லை.

வாடகைக்கு எடுத்து ஓட்டும் தனியார் வாடகைக் கார் என்றால் மேலே சொன்ன எதையும் நீங்களாகச் செய்யாதீர்கள். படம் எடுத்து, புகார் கொடுத்து, நிறுவனத்துக்கு அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். டச்-அப் போட்டு மறைத்துத் திருப்பிக் கொடுத்தால், ஒரு பேனல் கூலியோடு உங்கள் பூச்சை எடுக்கும் கூலியும் சேர்ந்து பில்லில் வரும்.

இனி அந்த நாலாவது கேள்வி. எங்கோ பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது என்றால் மறுபடி நடக்க வாய்ப்புக் குறைவு, உடனே அடிக்கலாம். உங்கள் புளோக்கிலேயே, நிறுத்துமிடத் தகராறோ சத்தத் தகராறோ நடந்துகொண்டிருக்கும்போது நடந்தது என்றால், புதுப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து அதே இடத்தில் நிறுத்துவது கீறியவருக்குப் புதுப் பலகை கொடுப்பதுபோல. தகடு தெரியும் இடங்களை மட்டும் மூடிவிட்டு இரண்டு மாதம் பொறுங்கள். அதற்குள் நிறுத்தியிருக்கும்போது முன்னும் பின்னும் பதிவு செய்யும் கேமராவை மாட்டி, கேமரா இருக்கிறது என்று வெளியே தெரியும்படி ஒரு ஸ்டிக்கரும் ஒட்டுங்கள். மின்தூக்கி வாசலுக்கு அருகே, ஆள் நடமாட்டமுள்ள இடத்துக்குக் காரை மாற்றுங்கள். ஆள் யாரென்று தெரியும், பேசித் தீர்க்கலாம் என்றால் சமூக சமரச நிலையத்தை நாடலாம். தகராறு தணிந்தபின் அடித்தால் ஒரு தடவைச் செலவோடு போகும்.

அடித்து எடுத்துவந்தபின் ஒரு வாரத்துக்கு இயந்திரக் கழுவல் வேண்டாம். ஒரு மாதத்துக்கு மெழுகும் செராமிக்கும் வேண்டாம். கிளியருக்குள் மிஞ்சிய கரைப்பான் வெளியேற வழி வேண்டும். மரத்தடியில் நிறுத்தியிருந்து மைனா எச்சம் விழுந்தால் காய விடாமல் தண்ணீர் ஊற்றி எடுங்கள். புதுக் கிளியரில் அது ஒரு பகலிலேயே தடம் பதித்துவிடும்.